யாளியின் வாய்க்குள் உருண்டை

அம்சவேணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவள் யாளியின் வயிற்றுக்குள் ஏறியபோது. ஆடி மாதம், பகல் இரண்டரை மணி. கொட்டகையின் தகரக் கதவைச் சாத்தி உள்தாழ் போட்டிருந்தேன். என்னுடைய பழைய காக்கிக் கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு, கூந்தலை என் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு, மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் கொலுசைக் கழற்றினாள். இடது கொலுசு வந்துவிட்டது. வலது கொலுசின் திருகு வரவில்லை. "ஊருக்கெல்லாம் கொலுசு பத்தவெச்சுக் குடுக்கறேன், எனக்கு வாச்சது மட்டும் திருகு கெட்டது" என்றாள். நான் குனிந்து கழற்றிவிட்டேன். இரண்டையும் என் சட்டைப்பையில் போட்டாள். "இன்னைக்கு வெயில் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள். "ஆடி வெயில்தானே" என்றேன். முகம் பார்த்து நாங்கள் பேசியது அவ்வளவுதான். வயிற்றுப் பக்கத்துத் துணியைத் தூக்கிப் பிடித்தேன், அவள் குனிந்து உள்ளே போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கீழே மண்டியிட்டு அவள் பாதங்களைப் பெடலில் வைத்து, தோல் வாரை இழுத்து மூன்றாவது துளையில் மாட்டினேன். இடது காலுக்கு, பிறகு வலது காலுக்கு. அப்போது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பார்த்ததாக நினைவில்லை. குதிகாலில் மருதாணி அழியாமல் இருந்தது. அதைப் பார்த்தேன். துணியை இறக்கிக் கொக்கி போட்டேன்.

அது பதினோரு வருடத்துக்கு முந்திய ஆடி. இன்று மாதாந்திர மின்தடை நாள். ஒன்பது மணிக்குக் கரண்டு போனதும் தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைசித் தறி இரண்டு மூன்று அடி அடித்துவிட்டு நின்ற பிறகு, சேலத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு அமைதி வந்தது. நான் இந்த அமைதிக்காகத்தான் காத்திருந்தேன். கொட்டகைக்குள் வந்து, யாளியின் கழுத்தடியில் இருக்கிற என் பழைய இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அடிச்சட்டத்துக்குக் கீழே செங்கல் கொடுத்துச் சக்கரங்களைத் தூக்கி வைத்திருக்கிறேன், மிதித்தால் நகராது. மேகலா பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். என் மகள். கொலுசுப் பட்டறைக்கு இன்று விடுமுறை, அங்கேயும் கரண்டு இல்லை. வந்து பின் இருக்கையில் உட்காரப்போகிறாள். ஏன் என்று கேட்காமல் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை விழாக் குழுவின் ஆட்கள் வருவார்கள். யாளியை எடுத்துப் போய்ச் சங்கிலி, பெடல், பல்சக்கரம் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு டிராக்டர் வண்டியில் ஏற்றப்போகிறார்கள். நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதனால் இன்றைக்கு விட்டால் இனி ஒருபோதும் தெரியாது. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குத் தண்ணீர் டேங்க் முக்கில் எனக்குக் கேட்ட அந்தச் சத்தம் யாளியின் வாயில் இருக்கிற உருண்டையின் சத்தமா, இல்லை அம்சவேணி தட்டினாளா.

இருக்கையின் தோல் வெடித்திருக்கிறது. புளியங்கொட்டைப் பசை வாசம் இன்னும் போகவில்லை, பதினேழு பதினெட்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சி ஊற்றியது, எலி தின்றது போக மீதி. நான் படித்தவன் இல்லை. தறி ரிப்பேருக்குப் போன இடத்தில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். கோயில் தூணில் இருக்கிற யாளியை நூல் வைத்து அளந்தேன். நகத்துக்கு ஒரு முடிச்சு, தொடைக்கு ஒரு முடிச்சு, தும்பிக்கைக்கு ஒன்று. அம்சவேணி நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். "சிங்கத்துக்கு எதுக்குங்க தும்பிக்கை, ஆனைகிட்ட கடன் கேட்டு வாங்கிட்டு வந்துச்சா" என்றாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அளந்ததைப் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் பெருக்கினோம். நான்கு சைக்கிள்களை அறுத்து அடிச்சட்டம், மூங்கில் பிளாச்சில் உடம்பு, மேலே பழைய லுங்கித் துணி. முன்கால்கள் மாறி மாறித் தூக்கி வைப்பதற்கு, தறியில் நூல் வரிசையை ஏற்றி இறக்குகிற அதே இரும்பைத்தான் போட்டேன். மிதித்தால் கால் தூக்கும், தும்பிக்கை ஆடும், கண் உருளும். ஆனால் முதலில் ஓட்டிப் பார்த்தபோது சரிவில் யாளி எங்களை மீறிப் போய்ச் சாக்கடையில் இறங்கிவிட்டது. பிரேக் போட்டால் மூங்கில் முறிந்தது. யோசித்து யோசித்து, சைக்கிளை மிதிக்காமலே ஓடவிடுகிற பிரீவீல் இருக்கிறதே, அதை அசையாமல் பற்றவைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியாக வேண்டும், பெடல் நின்றால் சக்கரமும் நிற்கும். காலே பிரேக். முன் பெடலுக்கும் பின் பெடலுக்கும் ஒரே சங்கிலி. நான் மிதித்தால் பின்னால் இருப்பவர் கால் சுற்றும், அவர் மிதித்தால் என் கால் சுற்றும். நழுவினால் கணுக்காலை உடைத்துவிடும் என்பதற்காகத்தான் தோல் வார். அந்த வாரை நான்தான் தைத்தேன். துளையையும் நான்தான் போட்டேன்.

தெருவில் பின் பெடலுக்கு ஆள் இருந்தது, அம்சவேணியின் தம்பி ராஜகணபதி. முதல் வருடம் அவன்தான் மிதித்தான். மறுவருடம் ஆடிக்கு ஒரு வாரம் முன்னால் லாரியில் பாவு நூல் ஏற்றும்போது முழங்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். வேறு நான்கு பேரை உட்காரவைத்துப் பார்த்தேன். எவனுக்கும் என் கால் ஓட்டம் பிடிபடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் மிதித்தான், மிதிக்க வேண்டிய இடத்தில் விட்டான். ஒருவன் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு "மாமா, இது வண்டியா, மாவு மில்லா" என்று இறங்கிப் போனான். ராத்திரி சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள். "நான் உக்காரட்டுங்களா? செஞ்சப்ப எல்லாம் நான்தானே மிதிச்சுப் பாத்தேன்." அது உண்மை. இரண்டு வருடம் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது பின்னால் இருந்தது அவள் கால்தான். ஆனால் ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கையில் சாமி வண்டிக்குள் பெண் ஏறக் கூடாது என்பது எங்கள் தெருவில் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். காப்புக் கட்டிய ஆண்தான் ஏற வேண்டும். "யாருக்குத் தெரியப்போவுது? வயித்துக்குள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு மேகலா பிறந்து பதினான்கு வருடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆறு வருடம் அப்படி மிதித்தாள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு ஏறுவாள், திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகு இறங்குவாள். பின்னால் யார் என்று கேட்டவர்களுக்கு வெளியூரிலிருந்து ஒரு பங்காளி வருகிறான், கூச்சக்காரன், முகம் காட்டமாட்டான் என்று சொல்லிவைத்தேன். கொலுசுச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கழற்றிக் கொடுப்பாள். பேசவும் கூடாது. அதனால் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை அவள் கைக்கு எட்டும்படி சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம்.

உருண்டையைப் பற்றி அப்போதே சொன்னாள். கல் யாளியின் வாயில் ஒரு கல் உருண்டை உண்டு. விரலை விட்டால் உருளும், வெளியே எடுக்க முடியாது. என் யாளிக்கும் அது வேண்டும் என்று எனக்கு ஆசை. தேக்கில் தேங்காய் அளவுக்குக் கடைந்து, பல்லைப் பொருத்துவதற்கு முன்னாலேயே உள்ளே போட்டுவிட்டேன். தலை ஆடும்போதெல்லாம் அது பல்லில் மோதி டொக் என்று கேட்கும். அடுத்த தெருக்காரர்கள் செய்த காமதேனு கண்ணை மட்டும்தான் சிமிட்டும். என் யாளி வரும்போது குழந்தைகள் எல்லாரும் சத்தம் போடாமல் டொக்குக்காகக் காத்து நிற்பார்கள். "உங்க யாளிக்குப் பல்வலி வந்தாப்ல கடகடன்னுட்டே இருக்குது. எடுத்துடுங்க. நான் தட்டறது உங்களுக்குக் கேக்காது" என்றாள். நான் சொன்ன பதில் இருக்கிறதே, அது இன்றைக்கும் இந்தக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. "இருபது தறி ஓடறப்பவே எதுல நாடா சரியில்லைன்னு வெளிய நின்னு சொல்றவன் நான். உன் தட்டு எனக்குத் தெரியாதா?" ஆறு வருடத்தில் அவள் நிறுத்தச் சொல்லித் தட்டியது எத்தனை முறை? ஒரு முறை பூச்சரம் சங்கிலியில் சிக்கியபோது. ஒரு முறை தும்மல் வந்தபோது. இரண்டும் கேட்டது. நின்றேன். ஆகவே கேட்கும். ஆகவே கேட்டிருக்கும். இல்லை, அந்த இரண்டு முறையும் பம்பை மேளக்காரர்கள் முன்னால் வெகுதூரம் போயிருந்தார்கள். இப்படித்தான் ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்ததும் திரும்பிப் போய்விடுகிறேன்.

"மேஸ்திரி, உள்ளயா இருக்கீங்க? கரண்டு எப்ப வருமாம்?" வெளியே செங்கோடன் குரல். விழாக் குழுவின் பொருளாளர், மூன்று வீடு தள்ளி இருக்கிறார். ரெண்டு மணிக்கு என்றேன். "குரல் எங்கிருந்து வருது? யாளி பேசறாப்ல இருக்குது." "ஞாயித்துக்கிழமை காலைல ஆள் கூட்டிட்டு வர்றேன். மனசு மாறிடாதீங்க" என்றார். செருப்புச் சத்தம் போய்விட்டது. நல்ல மனிதர். அன்றைக்கு என் வீட்டில் பாடை கட்டியதே அவர்தான். காலையில் வண்டி வேடிக்கைக்குத் தோரணம் கட்டிய அதே கை. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மேகலாவுக்குப் பாதி தெரியும், அம்மா உள்ளே மிதிப்பாள் என்கிற பாதி.

வெயில் ஒரு மாதிரி இருக்குது என்று சொன்னாளே. அப்போதே நெஞ்சில் ஏதோ இருந்திருக்குமோ. காலையிலிருந்து எலுமிச்சம்பழத் தண்ணீர்தான் குடித்தாள். விரதம் என்றாள். மூன்று மணிக்குக் கிளம்பினோம். யாளிக்குள் என் இடத்திலிருந்து கழுத்து மடிப்பில் ஒரு விரல்கடை கிழிசல் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். கால்கள், வேட்டி ஓரங்கள், மஞ்சள் தண்ணீர் ஓடுகிற தார் ரோடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் மூங்கில் தட்டி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் கால் தெரியும். அவள் எப்படி மிதிக்கிறாள் என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும். மேடு வந்தால் என்னைவிட ஒரு நொடி முந்தி அழுத்துவாள். சந்தோஷமாக இருந்தால் தேவையில்லாத இடத்தில் ஒரு சின்ன உந்து உந்துவாள், என் கால் துள்ளும், நான் பதிலுக்கு ஒரு உந்து உந்துவேன். நூறு பேர் கும்பிட்டுக்கொண்டு வரும் ஒரு மிருகத்துக்குள் இரண்டு பேர் இப்படி விளையாடிக்கொண்டு போனோம். அன்றைக்கும் பள்ளிக்கூட மதில்வரை விளையாடினாள். அதன்பிறகு வண்டி கனக்க ஆரம்பித்தது. டேங்க் முக்கில் திரும்பியபோது பம்பை மிக அருகில் அடித்தது, யாருக்கோ அருள் வந்து கூட்டம் நெருங்கியது, தலை ஆடியது, டொக். ஒரே ஒரு முறை. நான் நிறுத்தவில்லை. உருண்டை என்று நினைத்தேன். நினைத்தேனா? அது நினைவா, பிறகு நான் வைத்துக்கொண்ட பதிலா? அங்கே நின்றிருந்தால் துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கினால் என் மனைவி. சாமி வண்டிக்குள் பெண். ஆறு வருடப் பொய். எனக்குக் காப்புக் கட்டிய பூசாரியின் முகம், கூட்டத்தின் முகம். இதெல்லாம் பெடல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மனதில் வந்து போனது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உருண்டைதான் என்றால் இதெல்லாம் எதற்கு மனதில் வர வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் பதினோரு வருடம் கொட்டகைப் பக்கம் வராமல் இருந்தேன். அதற்குப் பிறகு இன்னும் கனத்தது. சங்கிலிக்கு எண்ணெய் போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு அவளைத் திட்டினேன். தட்டிப் பக்கம் வாயை வைத்து, "என்ன, தூங்கிட்டியா? மிதி" என்றேன். நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அது.

கோயில் வாசலில் சூடம் காட்டினார்கள். மாலை போட்டார்கள். யாளி முன்காலைத் தூக்கி மூன்று முறை வணங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மூன்று முறையும் நான் ஒருவனே மிதித்துத் தூக்கியது. வீட்டுக்குத் திரும்பினோம். டேங்க் முக்கிலிருந்து கொட்டகைவரை நானூற்றுப் பதினேழு பெடல் சுற்று, பிறகு ஒரு நாள் நடந்து அளந்து கணக்குப் போட்டேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, "வெளிய வா மகாராணி" என்றேன். கொக்கியை எடுத்தேன். அவள் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனர் அதன் கயிற்றில் எப்போதும்போலத் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கையில் இல்லை, கீழே விழவும் இல்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை. பாதங்கள் வாருக்குள் இருந்தன. அப்போதுதான் புரிந்தது, எப்போதிலிருந்தோ தெரியவில்லை, அவள் கால்களை நான் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் சட்டைப்பையில் கொலுசு வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வாரை அவிழ்த்தேன். தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாக வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினேன். கால்சட்டையைக் கழற்றிச் சேலையைச் சுற்றினேன். சேலை கட்டத் தெரியவில்லை. கொலுசை மாட்டினேன், திருகு இறுகவில்லை. அதன்பிறகுதான் கூப்பாடு போட்டேன். வேடிக்கை பார்த்துவிட்டு வந்த மேகலா கதவோரம் நின்று அம்மாவின் கணுக்காலைப் பார்த்தாள். வார் அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுப் பெண். "வீட்லதான்" என்றேன். எல்லாரிடமும் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தத் தடத்தின்மேல் சேலையை இழுத்துவிட்டாள்.

உருண்டையாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன். சோறு வடிப்பேன், சாப்பிடுவேன், படுப்பேன். தட்டியிருந்தால் என்ன செய்வேன்? அதுவும் அதேதான். சோறு வடிப்பேன். பிறகு எதற்கு இந்தச் சோதனை? நாற்பது நிமிடம். டேங்க் முக்கிலேயே நின்றிருந்தால் நாற்பது நிமிடம் கிடைத்திருக்கும், ஒரு ஆட்டோ, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஊசி. அவள் தட்டவில்லை என்றால் தட்டுவதற்குக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறாள், அது ஒரு நிம்மதி, அவள் செத்ததில் எனக்கு ஒரு நிம்மதி வேண்டியிருக்கிறது, பார். தட்டினாள் என்றால் அவள் தட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். நிற்பான் என்று. இன்னொரு முறை தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? முடியவில்லையா, இல்லை, உன் தட்டு எனக்குத் தெரியாதா என்று நான் சொன்னதை நம்பினாளா?

கதவு கிறீச்சிட்டது. "என்னப்பா இது, கோழி அடைகாக்கற மாதிரி உள்ள போயி உக்காந்துட்டீங்க?" மேகலா. கையில் தூக்குச்சட்டியை வைக்கிற சத்தம். "சாப்டீங்களா?"

"அப்பறம் சாப்டுக்கறேன். கதவைச் சாத்து பாப்பா."

சாத்தினாள். தாழும் போட்டாள். நான் சொல்லவில்லை. துணியைத் தூக்கிப் பின்னால் ஏறுகிற சத்தம் கேட்டது, சட்டம் சற்றே அமிழ்ந்தது. அவளும் முப்பது வயதில் அம்மாவின் எடைக்கு வந்துவிட்டாள். "ஐயோ, ஒரே எலிப் புழுக்கை. அம்மா எப்படிப்பா இதுக்குள்ள மூணு மணி நேரம் உக்காந்தா?" என்றாள். "கால வாருக்குள்ள விடணுமா?" விட வேண்டும், இல்லையென்றால் அடிபடும் என்றேன். இறுக்கமாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே விட்டாள். ஸ்பேனர் எங்கே தொங்குகிறது என்று சொன்னேன். நான் மிதிப்பேன், உருண்டை அதுபாட்டுக்குச் சத்தம் போடும், நடுவில் உனக்குத் தோன்றுகிறபோது ஒரே ஒரு தட்டு, எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே என்றேன்.

"எதுக்குப்பா?"

"எனக்கு அது தெரியணும்."

கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். சங்கிலி முதலில் முரண்டு பிடித்தது, பிறகு சுற்றியது. முன்கால் ஏறி இறங்கியது. தலை ஆடியது. டொக். மேலே, முன்னால், காதுக்கு நேராக. மரத்தில் மரம் மோதுகிற காய்ந்த சத்தம். டொக். இன்னொன்று. அதே இடம், காதில் மட்டும். உடம்பில் வேறெங்கும் இல்லை. நான்கு, ஐந்து முறை. எனக்குச் சற்றுத் தைரியம் வந்தது. பம்பை அடித்தால் காதில் எதுவும் சரியாகக் கேட்காது, அப்படியானால் அன்றைக்கு எனக்குக் கேட்டது எது என்று யாரால்தான் சொல்ல முடியும் என்று ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

"அப்பா." பின்னால் மேகலாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் மிதிக்கலப்பா. கால் தானா சுத்துது."

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் நிறுத்தவில்லை என்று தெரியவில்லை.

"அப்போ அம்மாவுக்கும்…" என்றாள். அதோடு பேச்சு நின்றது. இரண்டு சுற்று. மூன்று சுற்று. பிறகு தட்டினாள்.

அது காதில் வரவில்லை. இரும்புச் சட்டம் வழியாக ஓடி வந்து, இருக்கைக்கு அடியில் ஏறி, முதுகெலும்பின் அடியில் குத்தி, பல்வரைக்கும் வந்தது. நூறு பம்பை அடித்தாலும் அதை மறைக்க முடியாது, ஏனென்றால் அது காதால் கேட்கிற சத்தமே இல்லை. எனக்கு அது தெரியும். பதினோரு வருடம் கழித்து உடம்பு அதைத் தெரிந்துகொண்டது, பார்த்த முகத்தைத் திரும்பப் பார்க்கிற மாதிரி. டேங்க் முக்கில், கூட்டம் நெருக்கியபோது, இதே இடத்தில், இதே எலும்பில்.

நின்றேன். இந்த முறை நின்றேன். சங்கிலி நின்றது, சக்கரம் நின்றது, யாளி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. உருண்டை இன்னொரு முறை உருண்டுவிட்டு அடங்கியது. வெளியே ஒரு தறியும் ஓடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் மேகலா மூச்சு வாங்குவது கேட்டது.

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

அப்புறம் கேட்டாள். "அன்னைக்கு?"

உருண்டை என்று சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. அவளும் அதை ஏற்றுக்கொண்டு, சேலையை இழுத்துவிட்டது போல இழுத்து மூடிவிடுவாள். நல்ல பெண்.

"அன்னைக்கும் கேட்டுச்சு" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். சங்கிலியில் ஒரு அசைவும் இல்லை. என் உள்ளங்காலில் அவள் கால் தெரிந்தது, அவ்வளவுதான், இரண்டு பேர் ஒரே தரையில் நிற்கிற மாதிரி. பிறகு, "இந்த வார் வலிக்குதுப்பா, எனக்குப் பத்தல. அவுத்துவிடுங்க" என்றாள். இறங்கிப் போய் மண்டியிட்டு அவிழ்த்தேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அழுதிருந்தாள், எனக்குச் சத்தமே கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்த்தாள். வெளியே வந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, எனக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். தனக்கு வைக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரம் நின்றிருந்தாள். பிறகு தாழை எடுத்துவிட்டுப் போனாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. கயிற்றை அறுத்து ஸ்பேனரை எடுத்தேன். பதினைந்தாம் நம்பர், பெடல் கழற்றவும் அதேதான். வலது பெடல் உடனே வந்துவிட்டது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், அது தெரிந்தும் கை இரண்டு முறை தவறான பக்கமே திருகியது. யாளியை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவேன், உருண்டையோடு. பின் பெடல்கள் இரண்டும் இங்கே செய்தித்தாளின்மேல் இருக்கின்றன. தோல் வார்கள் இரண்டிலும் மூன்றாவது துளை மட்டும் நீண்டு விரிந்திருக்கிறது.